பெரிய பாய் வாங்குன பில்டரு

ஐயோ, அதத் தொடாதீங்க தம்பி! கைய எடுங்க. மோட்டாரு ஓடிகினு இருக்கும்போது அந்தக் கைப்பிடியத் திருப்பவே கூடாது. உள்ளாற வட்டமா ஒரு ரப்பரு கீது, அது கிழிஞ்சிதுன்னா அவ்ளோதான், போற தண்ணியும் வர்ற தண்ணியும் ஒண்ணாக் கலந்துரும். உங்க அப்பா, நம்ம பெரிய பாயே ஒரு தடவ அவசரத்துல திருப்பிட்டாரு. வேலூர்ல எங்க தேடியும் அந்த ரப்பரு கெடைக்கல. மெட்ராஸ்லேர்ந்து வர்றதுக்கு ஒம்போது நாளாச்சி. அதுக்குள்ள கொளம் பச்சப் பசேல்னு பாசி புடிச்சி, தவளைங்க குடி வந்துடிச்சி. பாய் ஒண்ணொண்ணா வலையில புடிச்சி, பக்கெட்ல போட்டு, ஓடை வரைக்கும் தூக்கினு போயி வுட்டுட்டு வந்தாரு.

இருங்க, மோட்டார நிறுத்தறேன். ம். இப்ப நான் பேசறது கேக்குதுங்களா?

தெரியும், நேத்தே போன்ல சொன்னீங்களே. வூட்ட வாங்கப்போற பெங்களூருக்காரங்க மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம், அந்த நீச்சல் கொளத்து பில்டர எப்டி வச்சிக்கறதுன்னு மட்டும் எழுதிக் குடுங்கன்னாங்களாமே. சொல்றேன், எழுதிக்குங்க. போன்லயே எழுதறீங்களா? செரி. பன்னண்டு மணிக்குதான அவங்க வர்றாங்க? அப்ப நேரம் நெறைய கீது. அந்த பக்கெட்டக் கவுத்துப் போட்டு உக்காருங்க. ஈரம் ஒண்ணுமில்ல, காலையிலதான் தொடச்சேன்.

இந்த உருண்ட டேங்குதான் பில்டரு. உள்ளாற வெறும் மணலு. வேற ஒரு மந்திரமும் கெடையாது. மோட்டாரு கொளத்துலேர்ந்து தண்ணிய இழுத்து, இந்தாண்ட மேல கொட்டும். தண்ணி மணல்ல எறங்கும். அழுக்கு அங்கியே நின்னுக்கும், நல்ல தண்ணி அடியில போயி திரும்பக் கொளத்துக்குப் போவும். இந்த கடிகாரம் மாதிரி இருக்குதே, தண்ணியோட அழுத்தம் காட்டறது, இதுதான் முக்கியம். நல்லா கழுவி வுட்ட ஒடனே முள்ளு பன்னண்டுல நிக்கும். பன்னண்டுன்னு எழுதிக்குங்க. அழுக்கு சேர சேர முள்ளு ஏறும். இருவது வந்துதுன்னா கழுவணும். இருவது வராம கழுவக் கூடாது.

ஆமா, கழுவக் கூடாதுன்னுதான் சொன்னேன். எல்லாரும் இத்த தப்பா நெனச்சிக்கறாங்க. புது மணலவிட கொஞ்சம் அழுக்கேறுன மணலுதான் நல்லா வடிகட்டும். அந்த அழுக்கே சந்து சந்தா அடைச்சிகினு சின்னச் சின்னத் தூசியக் கூட புடிச்சி வச்சிக்கும். சும்மா சும்மா கழுவிகினே இருந்தா தண்ணி கலங்கலாத்தான் நிக்கும். உங்க அப்பா ஆரம்பத்துல டெய்லி கழுவுவாரு. நான் வேணாம் பாய், முள்ளு பதிமூணுலதான் கீதுன்னு சொல்லுவேன். கேக்க மாட்டாரு. பொழுது போவணும் இல்ல? இந்த மலையில சாயங்காலம் நாலு மணிக்கு மேல இன்னா வேல கீது ஒரு ஆளுக்கு.

கழுவறது எப்டின்னா, மொதல்ல மோட்டார நிறுத்தணும். கைப்பிடிய அமுக்கி, பேக்வாஷுன்னு எழுதியிருக்கற எடத்துல வைக்கணும். அப்பறம் மோட்டாரு. தண்ணி தலகீழா அடியிலேர்ந்து மேல வந்து மணலப் பொறட்டிப் போடும். இந்தக் கண்ணாடிக் குழாய்ல பாருங்க, மொதல்ல சாமக் கூழு மாதிரி வரும். ரெண்டு மூணு நிமிஷத்துல தெளிஞ்சிடும். தெளிஞ்சா மோட்டார நிறுத்தி, ரின்ஸுன்னு இருக்கற எடத்துல வச்சி ஒரு அலசு. அது அர நிமிஷம் போதும். திரும்ப நிறுத்தி, பில்டருன்னு இருக்கற எடம். ஒவ்வொரு தடவயும் நிறுத்திட்டுதான் திருப்பணும், அத பெருசா எழுதிக்குங்க. அந்தக் கழிவுத் தண்ணிய ஓடைக்கி வுட்ற வேணாம்னு சொல்லுங்க. மருந்து கலந்த தண்ணி, கீழ ஆடு மாடு குடிக்குது. அதுக்குன்னு தனியா ஒரு குழி நோண்டி வச்சிருக்கேன், காட்றேன்.

மணலா? ஆத்து மணலு இல்லீங்க. ஐயோ, அது ஒரு கத. கீழேர்ந்து முனிசாமின்னு ஒரு மேஸ்திரி வந்தான் டேங்க் வைக்கறதுக்கு. கம்பெனிக்காரன் அனுப்புன மணல் மூட்ட ரெண்டு கொறைஞ்சிடிச்சி. அவன் இன்னா பண்ணான், எங்களுக்குத் தெரியாம சிமெண்டு வேலைக்கி வாங்கி மீந்து கெடந்த ஆத்து மணல அள்ளி உள்ள கொட்டிட்டான். மோட்டாரப் போட்டா கொளம் பூரா டீத்தண்ணி! உங்க அப்பா கரையில நின்னு பாக்கறாரு, பாக்கறாரு, திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாரு. அம்மா போனதுக்கு அப்பறம் அவரு சிரிச்சி நான் பாத்தது அதுதான் மொத தடவ.

இதுக்குன்னு தனியா மணலு வருது, ஒரே அளவு பொடியா, வெள்ளையா இருக்கும். அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும். இதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கீதுன்னு சொல்லுங்க.

இது ரெண்டாவது பில்டரு தம்பி. உங்களுக்குத் தெரியுமா தெரியல. அம்மாவுக்கு முட்டி வலி ரொம்ப ஆயி, வேலூர் டாக்டரு தண்ணிக்குள்ள நடங்கன்னு சொன்னாரே, அப்பதான் இந்தக் கொளம் கட்னது. கட்னவங்க மொதல்ல காயிதம் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும் பாருங்க, அந்த பில்டரு வச்சாங்க. டவுன்ல அது நல்லாத்தான் இருக்கும், தண்ணியும் வீணாவாது. ஆனா இங்க பாருங்க, தலைக்கி மேல புளியமரம். அந்த எல எத்தினி சின்னது! காத்தடிச்சா மழ மாதிரி கொட்டும். அதோட இந்த செம்மண்ணு தூசி. மூணு நாளைக்கி ஒரு தடவ அத்தக் கழட்டி, மடிப்பு மடிப்பா விரிச்சி, பைப்பால அடிச்சிக் கழுவணும். உங்க அப்பா என்ன வுட மாட்டாரு, தானே உக்காந்து கழுவுவாரு. அம்மா தண்ணிக்குள்ள நின்னுகினு, போதுங்க, சட்டையெல்லாம் நனையுதுன்னு சொல்லுவாங்க. அம்மா முழு உடுப்போட, தலைல துணியோட எறங்கி மெதுவா நடப்பாங்க. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். பேச்சுக் குரல் மட்டும் கேக்கும்.

உங்க அம்மா ரைஹானாம்மா போனப்ப, பாய் சொந்த ஊரு வாணியம்பாடியிலேயே இருந்துருவாரு, இந்த வூட்டப் பூட்டிருவாருன்னுதான் நானும் நெனச்சேன். நாப்பது நாள் கழிச்சி ஒரு பொட்டியோட மேல வந்து எறங்கறாரு. இன்னா பாய்னு கேட்டேன். இங்கதான் தீர்த்தகிரி இனிமேன்னாரு. வந்த மறுநாளே, பில்டர மாத்தணும், இது செரியில்லன்னாரு. தண்ணியில எறங்க ஆளே இல்ல, எதுக்குன்னு வாய் வரைக்கும் வந்துது. கேக்கல.

நாலு மாசம் தம்பி! ஒரு பில்டரு வாங்க நாலு மாசம். வேலூரு, மெட்ராஸு, எல்லா எடத்துக்கும் என்னையும் கூட்டினு போனாரு. மணல் பில்டரா, மடிப்பு பில்டரா, இல்ல பவுடரு போடற பில்டரான்னு ஒவ்வொரு கடையிலயும் ஒக்காந்து பேசுவாரு. பவுடரு போட்டா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம், ஆனா ஒவ்வொரு தடவ கழுவுனதும் புதுப் பவுடரு போடணும், அது இந்த மலைக்கி எங்க வர்றது? பஸ்ஸே நேரத்துக்கு வர்றதில்ல. அதனால அது வேணாம்னு தள்ளிட்டோம். மணலுதான் மலைக்கி செட்டாவும்னு முடிவாச்சி. மோட்டாரோட சக்திக்கி ஏத்த டேங்க் வேணும், ஒரு சைஸ் பெருசா இருந்தா நல்லதுன்னு கடைக்காரரு சொன்னாரு. அதையும் எழுதிக்குங்க, அவங்க மாத்தறதா இருந்தா ஒதவும்.

அப்பதான் உங்களுக்கு போன் மேல போன் போட்டாரு. ஞாபகம் கீதுங்களா? சாயங்காலத் தொழுகை முடிஞ்சதும் அதோ அந்தப் பாறை மேல ஏறுவாரு. அங்கதான் போனுக்கு டவரு கெடைக்கும். மணலா மடிப்பான்னு கேப்பாரு. நீங்க ஏதோ சொல்லுவீங்க. மறுநாளு டேங்கு இருவத்தி நாலு இஞ்சா முப்பது இஞ்சான்னு கேப்பாரு. நான் கீழ நின்னுகினு இருப்பேன். இன்னான்னா தம்பி, முப்பதுன்னு முடிவு பண்ணி, அந்த அளவுக்கு சிமெண்டு மேட போட்டு, அது காஞ்சிகினு கீது. இதே மேடதான், நீங்க கால் வச்சிகினு இருக்கறது. மேடய இங்க போட்டுட்டு அங்க பாறை மேல நின்னு உங்ககிட்ட சைஸு கேக்கறாரு.

எறங்கி வந்ததும் கேட்டுட்டேன். இன்னா பாய், மேடயே போட்டாச்சி, இப்ப போயி புள்ளகிட்ட கேக்கறீங்களேன்னு. அவரு சொன்னாரு, வேற இன்னாத்தக் கேக்கறது தீர்த்தகிரி, சாப்ட்டியான்னா சாப்ட்டேம்பான், அதோட வச்சிருவான், பில்டரக் கேட்டா ரெண்டு நிமிஷம் பேசறான்.

இல்லீங்க, இல்லீங்க, உங்களக் கொற சொல்றதுக்கு சொல்லல. நீங்க இன்னா பண்ணுவீங்க, ஆபீசு, கொழந்த, அத்தினியும் கீது. நெட்ல பாருங்கப்பான்னு சொல்லுவீங்களாம். அவருக்கு நெட்டே தெரியாதுங்களே, பட்டன் போனுதான வச்சிருந்தாரு. நானும் அதே கததான். எங்க அம்மாக்கண்ணு, அதான் எங்க வூட்டுக்காரி, பொண்ணு சரிதாவுக்குப் புள்ள பொறந்துதுன்னு திருப்பூருக்குப் போனா. மூணு வருஷமாச்சி, பேரனப் பாத்துக்க ஆளில்லன்னு அங்கியே தங்கிட்டா. ஞாயித்துக்கெழம போன் போடுவேன். மழையான்னு கேப்பா. மழன்னுவேன். இல்லன்னா வெயிலுன்னுவேன். முடிஞ்சிச்சி. எனக்குக் கேக்கறதுக்கு ஒரு பில்டரு கூட இல்ல.

நாங்க ரெண்டு பேருதான் இங்க. டெய்லி நாலு மணிக்கு மோட்டாரப் போடுவாரு. அம்மா தண்ணில எறங்கற நேரம் அது. கரையில சேரப் போட்டு ஒக்காருவாரு. நான் வலையால புளிய எல வாருவேன்.  எப்பவாவது, முள்ளு எவ்ளோ தீர்த்தகிரின்னு கேப்பாரு. பதினாலு பாய்னுவேன். அவ்ளோதான் அன்னிக்கிப் பேச்சி.

நீங்க வந்தீங்களே ஒரு தடவ, உங்க வூட்டுக்காரம்மா ஆசியாம்மா, கொழந்த எல்லாரும். அதுக்கு மூணு நாளு முன்னாடியே ஆரம்பிச்சிட்டாரு. மருந்து போட்டு, செவுரு தேச்சி, எலயத் தடுக்கற சின்ன வலக்கூட ஒண்ணு இருக்குது பாருங்க மோட்டாருக்கு முன்னாடி, அத்த மூணு தடவ கழட்டிக் கழுவி. அத்தயும் எழுதிக்குங்க, வாரத்துக்கு ரெண்டு தடவ அந்தக் கூடயக் கழுவணும், இல்லன்னா மோட்டாரு மூச்சி வாங்கும். நீங்க வந்த அன்னிக்கித் தண்ணி அப்டி இருந்துது, அடியில விழுந்த ஊசி கூடத் தெரியும். கொழந்த காலு வச்சிது, ஜில்லுனு இருக்குதுன்னு அழுதுடிச்சி. மறுநாளு காலையில கெளம்பிட்டீங்க. பாய் கோச்சிக்கல. அடுத்த தடவ தண்ணிய சூடு பண்ற மெஷினு வைக்கலாமான்னு என்னக் கேட்டாரு. சுஃப்யானக் கேக்கணும்னாரு. கேட்டாருங்களா?

ஓ. நீங்க எடுக்கலியா அப்ப. செரி, செரி.

இன்னா தம்பி, எழுதறத நிறுத்திட்டீங்க? இன்னும் மருந்து எவ்ளோ போடணும்னு சொல்லலியே. பில்டரு அழுக்கத்தான் புடிக்கும், பாசியக் கொல்லாது, அதுக்கு மருந்து தனியா...

சொல்லுங்க.

மூணு மிஸ்டு காலா? பாய் எறந்த அன்னிக்கி மத்தியானம், ஆமா. மூணேகால் மணிக்கு மேல. அத்தயா எட்டு மாசமா நெனச்சிகினு கீறீங்க? பில்டரப் பத்தித்தான் ஏதோ கேக்கறாருன்னு எடுக்காம வுட்டுட்டீங்களா? அழுவாதீங்க தம்பி. இங்க பாருங்க. அழுவாதீங்க. அந்த மூணும் அவரு போடல. நாந்தான் போட்டேன்.

ஆமாங்க. தூக்கத்துல போய்ட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னது நாந்தான். அது நெஜமில்ல. வாணியம்பாடியிலேர்ந்து உங்க சொந்தக்காரங்க எல்லாம் வந்து நிக்கறாங்க, நீங்க போனக் கையில வச்சிகினு அதையே பாத்துகினு நிக்கறீங்க. அப்ப எப்டிச் சொல்றது? அப்பறம் சொல்லலாம்னு வுட்டேன். நீங்க அதுக்கப்பறம் மலைக்கே வரல. இன்னிக்கி சாவி குடுத்துட்டீங்கன்னா எங்க பாக்கப் போறேன் உங்கள.

ஐப்பசி, நல்ல மழ. கொஞ்சம் வுட்டுதுன்னு அன்னிக்கி மூணு மணிக்கே கரையில வந்து ஒக்காந்தாரு. திரும்பத் தூறவும் எழுந்தவரு, நெஞ்சப் புடிச்சிகினு படியில ஒக்காந்துட்டாரு. ஒடம்பெல்லாம் வேர்வ. கைத்தாங்கலா ரூமுக்குக் கூட்டினு போயிக் கட்டில்ல படுக்க வச்சேன். கார வேற, கீழேர்ந்து வந்து போற டிரைவரு அருளு சர்வீஸுக்கு வேலூருக்கு எடுத்துகினு போயிருந்தான். பாயோட போன எடுத்துகினு பாறைக்கி ஓடுனேன். நூத்தியெட்டு ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். வண்டி கெளம்பிடிச்சின்னாங்க, ஆனா வழியில மரம் சாஞ்சிக் கெடந்துது, அத்த அறுத்துட்டு வர்றதுக்கு நேரமாயிடிச்சி. அப்பறம் உங்களுக்குப் போட்டேன். மூணு தடவ. மழையில கையி வழுக்குது, பட்டனே அமுங்கல.

கீழ வந்தேன். சுஃப்யானுக்கு சொன்னியான்னாரு. அந்த மூஞ்சியப் பாத்துகினு எடுக்கலன்னு எப்டி தம்பி சொல்றது? சொன்னேன் பாய், ஏதோ வேலையா வேலூருக்குத்தான் வந்துகீறாராம், ஒடனே கெளம்பிட்டாருன்னு சொன்னேன். அப்டியான்னாரு. வேலூருக்கு வந்தவன் சொல்லவே இல்லியேன்னு லேசா சிரிச்சாரு.

கொஞ்ச நேரம் கழிச்சி, எங்க கீறான் கேளுன்னாரு. பாறைக்கிப் போயித்தான கேக்கணும்? அவருக்குத் தெரியுமே. அதனால போனக் கையில எடுத்துகினு வெளிய வந்தேன். பாறைக்கிப் போவல. இதோ, இந்த மோட்டாரு ரூமு செவுத்துக்குப் பின்னாலதான் நின்னேன். போயி வர்ற அளவுக்கு நேரம் நனைஞ்சிகினு நின்னுட்டு, உள்ள போயி, கணியம்பாடி தாண்டிட்டாருன்னு சொன்னேன். திரும்ப கேட்டாரு. திரும்ப வந்து நின்னேன். அமிர்தி வந்துட்டாரு பாய், மலையேற ஆரம்பிச்சிட்டாருன்னு சொன்னேன்.

அதக் கேட்டதும் அவருக்கு ஒரு பதட்டம். மழையில வளைவுல எல்லாம் மண்ணு சரிஞ்சிருக்கும், அவனுக்கு மலையில வண்டி ஓட்டிப் பழக்கமில்ல, மெதுவா வரச் சொல்லு, நான் இங்கதான இருக்கேன், அவசரம் ஒண்ணும் இல்லன்னு சொல்லுன்னாரு. செரி பாய், சொல்லிட்டு வர்றேன்னு வெளிய வந்தேன்.

வந்து, அந்த செவுத்துக்குப் பின்னால நின்னேன். ரெண்டு மூணு நிமிஷம்தான் இருக்கும். உள்ள போனா, போய்ட்டாரு.

நான் கூட பக்கத்துல இல்ல தம்பி. கையப் புடிச்சிகினு ஒக்காந்திருக்கலாம். அந்தப் பொய்யச் செரியா சொல்லணும்னு மழையில நின்னுகினு இருந்துட்டேன்.

ஆனா நீங்க போன எடுக்கலன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. நீங்க வந்துகினு கீறீங்கன்னுதான் அவருக்கு. அத்த உங்ககிட்ட சொல்லிடணும்னு இருந்துது. இன்னொண்ணும் பாக்கி கீது. அவரு சொல்லச் சொல்லி அனுப்பி நான் சொல்லாமயே வச்சிருந்தது.

மெதுவா வரச் சொன்னாரு தம்பி. அவசரம் ஒண்ணும் இல்லன்னாரு.